பத்து நிமிடத்தில் நின்றுபோகும் மோட்டார்

மூன்று வருடத்துக்கு முந்தைய மழைக்காலம். பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் எங்கள் வீடு. கப்சாய் என்று நாங்கள் சொல்லும் பழைய சின்ன மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, காலையில் ஹாரன் அடித்துக்கொண்டே புட்டு மாயம் விற்கப் போவது என் கணவரின் தொழில். தமிழ்நாட்டில் இடியாப்பம் என்பார்களே, அதுதான். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் தூவிக் கொடுப்போம். ஒரு நாள் ஈரப் படியில் வழுக்கி அவருக்குக் கால் முறிந்துவிட்டது. இரண்டு மாதம் கட்டு. விற்கிறவர் ஒரு வாரம் முகம் காட்டாவிட்டால் வாடிக்கை வேறு ஹாரன் சத்தத்துக்குப் பழகிவிடும். அதனால் மோட்டாரை நானே எடுத்தேன்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வாரம் ஒரு வாடிக்கைக்கார அக்கா, புட்டு மாயத்தில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றார். கப்சாய்க்கு பெட்ரோல் தொட்டி சீட்டுக்கு அடியில், பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கும் ஒரு வழி செய்தேன். வாடை நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. வீட்டிலிருந்து கிளம்பிச் சரியாகப் பத்து நிமிடம் ஓடும். பிறகு இருமி இருமி நின்றுவிடும். உதைத்து உதைத்துக் கால் வலித்து, நான் ஓய்ந்துபோய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உதைத்தால் கிளம்பும். மறுபடி பத்து நிமிடம்.

"கார்புரேட்டர்தான்! பக்கத்துல ஒரு ஸ்க்ரூ இருக்கும், கொஞ்சமா திருப்பு லா" என்று கட்டிலில் இருந்தபடியே என் கணவர் வைத்தியம் சொன்னார். அங்கே இருந்ததோ இரண்டு ஸ்க்ரூ. நான் திருப்பியதில் மோட்டார் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பூனை சுவரேறிக் குதித்து ஓடியது. நிற்பது மட்டும் நிற்கவில்லை.

சந்தில் இருந்த மோட்டார் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர், அதிகம் பேசாதவர். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். உள்ளே இருந்த சின்னத் துளைகளில் காற்றடித்தார். நான் முறுக்கி வைத்த ஸ்க்ரூவை முழுவதும் உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, காதைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டுத் திருப்பினார். எஞ்சின் சீராக ஓடியது.

"சுத்தமா இருக்குக்கா. ஒரு குத்தமும் இல்ல" என்றார்.

மறுநாள் காலை பத்தாவது நிமிடம் நின்றது. மீண்டும் கடைக்குப் போனேன். அங்கே அரை மணி நேரம் ஓடியும் நிற்கவில்லை. அதற்கு அடுத்த காலை மூன்று முறை நின்றது. தள்ளிக்கொண்டு அடுக்குமாடி வீட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது, என் வாடிக்கைக்காரர்கள் வேறொருவரின் பெட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

நேராக அந்தக் கடைக்குப் போனேன். நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "நல்ல கார்புரேட்டரைக் கழட்டி வச்சிக்கிட்டு ஓட்டைய மாட்டி விட்டுட்டீங்களா அண்ணே? பொம்பளைக்கு என்ன தெரியும்னு நெனச்சீங்களா?" என்று கத்தினேன். அவர் முகம் சிவந்துபோனது. கையைத் துணியில் வெகு நேரம் துடைத்தார்.

"நாளைக்குக் காலையில எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஆறரை மணிக்கு, தூறலில், எங்கள் வீட்டு வாசலில் தன் மோட்டாரோடு நின்றார். நான் முன்னால் போக, அவர் பின்னாலேயே வந்தார். பத்தாவது நிமிடம் என் மோட்டார் இருமி நின்றது. உதைக்கப் போனேன். "எதையும் தொடாதீங்க" என்றார். குனிந்து கார்புரேட்டரின் அடியில் இருந்த ஸ்க்ரூவைத் தளர்த்தினார். நாலு சொட்டு பெட்ரோல் வந்தது, அவ்வளவுதான். தொட்டி நிறைய இருக்கிறதே என்றேன். அவர் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திச் சீட்டைத் தூக்கினார்.

நான் செய்த அந்த வழி அங்கே இருந்தது. பெட்ரோல் மூடியைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் பை, மேலே நாலு ரப்பர் வளையம். தினமும் காலையில் கட்டுவேன்; விற்று முடிந்து பெட்டியை இறக்கும்போது அவிழ்த்துவிடுவேன். அவர் கடையில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் அது இல்லை.

அவர் பிளாஸ்டிக்கை உருவினார். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. கீழே பெட்ரோல் குழாய்த் தண்ணீராக ஒழுக ஆரம்பித்தது. "மூடியில ஒரு சின்ன ஓட்ட இருக்குக்கா. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்கும்" என்றபடி ஸ்க்ரூவை முறுக்கினார். தொட்டி வாயில் இருந்த ரப்பர் தேய்ந்திருந்தது. வாடைக்கு அதுதான் காரணமாம். ஒரு புது ரப்பரைப் போட்டால் போதும் என்றார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி சுமந்தவர் மழையில் நனைந்துகொண்டு என் எதிரிலேயே நின்றார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "போங்க, நேரமாச்சு" என்று அனுப்பிவைத்தார். அன்று பாதி வாடிக்கைதான் நின்று வாங்கியது. மறு வாரத்துக்குள் பெரும்பாலானோர் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஊர் கேட்கத் திட்டிவிட்டுக் காதோரம் மன்னிப்புக் கேட்பது நியாயமில்லை. அன்று மத்தியானமே கடைக்குப் போனேன். உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "நேத்து நான் சொன்னது பொய். தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க அண்ணே" என்றேன். அவர் தலை நிமிராமல், "விடுங்கக்கா. மோட்டார் ஓடுதுல்ல?" என்றார்.

திருடன் என்று சொன்னவளை அவர் கடையை விட்டே விரட்டியிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போதும் யாராவது என்னிடம் சத்தம் போட்டால் பதில் சுடச்சுட நாக்கு நுனி வரைக்கும் வரும். ஆனால் தன்னைத் திட்டியவளின் பின்னால் தூறலில் மோட்டார் ஓட்டி வந்த அந்த மனிதர் நினைவுக்கு வந்துவிடுவார், நானும் "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன்.