ஊருணித் தண்ணீரில் ஓடிய ஜெனரேட்டர்

கோவில்பட்டியில் நாங்கள் இறங்கியபோது மாலை ஐந்தே முக்கால். இறங்கினோம் என்பதுகூடச் சரியில்லை, எங்கள் வீடும் எங்களோடு வந்திருந்தது. ஊர் ஊராகப் போய் நெஞ்சுப் படம் எடுக்கும் வண்டி அது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு படுக்கை, ஒரு ஸ்டவ், முகம் கழுவ ஒரு பேசின். நடுவில் எக்ஸ்ரே எந்திரமும் படம் கழுவும் இருட்டறையும். வால்பக்கம் தனிக் கதவு போட்ட கூண்டுக்குள் டீசல் ஜெனரேட்டர். காசநோயாளிகளுக்காக ஒரு தரும ஸ்தாபனம் வெளிநாட்டிலிருந்து தருவித்த வண்டி. எண்பதுகளின் தொடக்கம், பங்குனி மாதம்.

என் மனைவியின் தம்பி ரவிதான் அந்த வண்டியின் டாக்டர். கும்பகோணத்தில் தபால் முத்திரை குத்திக்கொண்டிருந்த நான் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, கரிசல் சீமையைப் பார்க்கிற ஆசையில் தொற்றிக்கொண்டேன். நோயாளிகளின் பெயரை எழுதி டோக்கன் கொடுப்பது என் வேலை. ஓட்டுநர் செல்லத்துரைக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். வண்டியைவிட ஜெனரேட்டர்மேல் அவருக்கு வாஞ்சை அதிகம். நாங்கள் காப்பி குடிக்கும் முன்பே அதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"ஒரு வாரமாவே அளவு இறங்குது அண்ணாச்சி. எங்கனயோ கசியுது. வாங்க, கூலண்ட் வாங்கிட்டு வருவோம்."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பாயின் உதிரிபாகக் கடை. அவரிடம் இரண்டு விதம் இருந்தன. பச்சை, டின் அறுபத்து நாலு ரூபாய். சிவப்பு, நாற்பத்தொன்பது. எந்திரத்தைக் குளிர வைக்கிற சாயத் தண்ணீரில் பச்சை என்ன, சிவப்பு என்ன என்று நான் சிவப்பைக் கையில் எடுத்தேன். செல்லத்துரை என்னைப் பார்த்த பார்வையை என் மேலதிகாரிகூடப் பார்த்ததில்லை. எந்திரத்திலிருந்து எடுத்து வந்த பச்சைத் திரவத்தைச் சட்டைப்பையிலிருந்த மருந்துக் குப்பியிலிருந்து ஒரு கண்ணாடி மூடியில் ஊற்றினார். அதில் சிவப்பு நாலு சொட்டு விட்டார்.

"டீயக் குடிங்க. அதுக்குள்ள தெரிஞ்சிரும்."

டீ முடிவதற்குள் மூடிக்குள் பால் திரிந்ததுபோலத் திப்பி கட்டியிருந்தது. பாய் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு எந்திரத்துக்கு ஒரு ஜாதி மருந்துதான் தம்பி, மாத்தப்படாது" என்று தானே பச்சை டின்னை எடுத்துக் கட்டினார்.

இனி நான் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். திரும்பும்போது செல்லத்துரை ஐந்து லிட்டர் கேன் ஒன்றை என் கையில் கொடுத்து, "இதுல நல்ல தண்ணி பிடிச்சு வச்சிருங்க, மருந்தும் தண்ணியும் சரிபாதி கலந்துதான் ஊத்தணும்" என்றார். சரி என்றேன். பிடிக்கவில்லை. காவிரிக் கரையில் பிறந்தவனுக்குத் தண்ணீரைச் சுமந்துகொண்டு பயணம் போவது என்பது விறகைக் காட்டுக்குச் சுமப்பதுபோலப் பட்டது. போகிற ஊரில் தண்ணீர் இல்லாமலா இருக்கும்? ஒரு கிலோ கடலை மிட்டாய் வாங்கி, எறும்பு வராமலிருக்க அந்தக் கேனில் போட்டு மூடி வைத்தேன்.

காலை 5.30. கிளம்பினோம். எட்டயபுரம் வரை பதினைந்து கிலோமீட்டர், அங்கிருந்து எப்போதும்வென்றான் பதினேழு, அதையும் தாண்டி மூன்று கிலோமீட்டர் வண்டிப்பாதையில் எங்கள் முகாம் ஊர். வெயில் ஏறாத அந்த நேரத்தில் கரிசல் பூமி நிலம்போலவே இல்லை. கறுப்பாக, மெத்தென்று, யாரோ விரித்துப் போட்டுவிட்டு மடிக்க மறந்துபோன கம்பளியாகக் கிடந்தது. பருத்தி எடுத்து முடிந்தபின் நிற்கும் காய்ந்த செடிமார்கள். நடுவில் தனியாக ஒரு உடைமரம், அதன் கீழே தனியாக ஒரு ஆடு. கண் எவ்வளவு தூரம் போக விரும்பினாலும் போகலாம், தடுக்க எதுவுமில்லை. எங்கள் ஊரில் வாழைத் தோப்பும் வாய்க்காலும் மூங்கிலுமாகப் பார்வை பத்தடிக்கு மேல் போகாது. பாதி விழித்தும் பாதி தூங்கியும் உட்கார்ந்திருந்த எனக்கு, வண்டி நகரவில்லை, பூமிதான் எங்களுக்கு அடியில் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டரில்தான் பள்ளமும் மேடுமாக வண்டி குலுங்கியது.

7.20. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள். வண்டிக்கு அதுதான் கடைசி முகாம். மாலை நாலு மணிக்குள் தூத்துக்குடியில் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் வேறு மாவட்டம், திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். ரவி வண்டியிலிருந்த பீப்பாய்த் தண்ணீர் முழுவதையும் இருட்டறைத் தொட்டியில் விட்டுப் படம் கழுவும் மருந்தைக் கலந்தான். நான் டோக்கன் கொடுத்தேன். முப்பத்தோராம் டோக்கன் வாங்கிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பெயர் ஜெயமேரி. எல்லோரும் முண்டியடித்தபோது அவள் மட்டும் எட்டடி தள்ளியே நின்று, கையை நீட்டி, நுனி விரலால் டோக்கனை வாங்கிக்கொண்டாள்.

8.25. இருபத்திரண்டாவது ஆள் உள்ளே போனபோது கூண்டிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. செல்லத்துரை ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். பள்ளத்தில் குலுங்கியதில் ரப்பர்க் குழாயின் பட்டி கழன்று, உள்ளேயிருந்ததில் பெரும்பாகம் தரையில் பச்சையாக வடிந்திருந்தது. கரிசல் அதை உறிஞ்சிக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

"பட்டிய முறுக்கிட்டேன். ஆறு லிட்டராவது போயிருக்கும். அந்தக் கேன எடுங்க அண்ணாச்சி."

கேனைத் திறந்து காட்டினேன். கடலை மிட்டாயைச் சற்று நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. எங்கள் கூஜாவைக் கவிழ்த்துப் பார்த்தார், அதையும் வழியிலேயே நான் குடித்திருந்தேன். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் வாங்க வேண்டுமென்றால் கோவில்பட்டிக்குத்தான் திரும்ப வேண்டும். போய் வந்தால் மத்தியானம், முகாம் அவ்வளவுதான்.

நான் செய்ததற்கு நானே பரிகாரம் தேடுவதாக வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பருத்திக் காட்டில் ஒரு கிணறு. எண்பது அடி ஆழத்திலிருந்து இறைத்து வந்த தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. பெருமையோடு அவர் முன் வைத்தேன். செல்லத்துரை ஒரு சொட்டு நாக்கில் விட்டுத் துப்பினார். பிறகு கையில் சோப்பைத் தேய்த்து அந்தத் தண்ணீரைத் தெளித்தார். நுரை வரவில்லை, தயிர்க் கட்டி மாதிரி ஒட்டியது.

"பாக்கத்தான் தெளிவு. உப்புல்லா. இத ஊத்துனா ரேடியேட்டருக்குள்ள சுண்ணாம்பு கட்டிரும். இன்னைக்கு ஓடும், அடுத்த ஊர்ல செத்துரும்."

"ஊர்க்காரங்க என்னதான் குடிக்கிறாங்க?" என்றான் ரவி.

ஊருணி. பள்ளிக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். பங்குனியில் அது ஒரு பெரிய கலங்கல் குட்டையாக ஒடுங்கியிருந்தது. செம்மண்ணும் கரிசலும் கலந்த அந்தக் காப்பி நிறத் தண்ணீர்தான் இந்த ஊரின் இனிப்புத் தண்ணீர். கரையில் காவல்காரர் ஒருவர் கம்போடு உட்கார்ந்திருந்தார். ரவி கைகூப்பிக் கேட்டான்.

"வீட்டுக்கு ரெண்டு குடம் டாக்டரய்யா. மனுசன் தொண்டைக்கு மட்டுந்தான். மாட்டுக்கு இல்ல, துணிக்கு இல்ல, வண்டிக்கும் இல்ல. கோயில் வாசல் தெளிக்கவே கொடுக்க மாட்டோம். சுத்தி எந்த ஊருக்குப் போனாலும் இதே சட்டந்தான். எனக்கும் டோக்கன் இருக்கு, நாப்பது. ஆனாலும் நான் என்ன செய்யட்டும்?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது. தண்ணீர் செழித்த ஊரில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த திமிர் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

9.10. வண்டிக்குத் திரும்பினால், ஜெயமேரி இடுப்பில் மண்பானையோடு நின்றாள். முன்போலவே எட்டடி தள்ளி. பானையைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"அண்ணாச்சி, இது என் தண்ணி. ஊருணில கிடக்கிற வரைக்கும் ஊர்த் தண்ணி, எம்பானைக்கு வந்துட்டா என்னோடது. நேத்தே தேத்தாங்கொட்டை உரசி வச்சது. அடி கலங்காம மேலாப்புல மோந்துக்கோங்க."

பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை உரைத்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றினால், விடிவதற்குள் சேறெல்லாம் அடியில் படிந்துவிடுமாம். எட்டிப் பார்த்தேன். பானைக்குள் என் முகம் தெளிவாக, கொஞ்சம் வெட்கத்தோடு தெரிந்தது.

"அப்போ இன்னைக்கு நீ என்னம்மா குடிப்ப?" என்றான் ரவி.

"அத விடுங்க ஐயா. எனக்கு இன்னைக்குப் படம் எடுத்தாகணும்." அதற்குமேல் அவள் நிறுத்தாமல் சொன்னாள். பதினெட்டு மாதம் ஊசியும் மாத்திரையும். புருஷன் விட்டுப் போய்விட்டான். மகள் பியூலாவுக்கு இப்போது நாலு வயது. தொற்றிவிடும் என்று பயந்து புதியம்புத்தூரில் தையல் தைக்கிற அக்கா எஸ்தரிடம் பிள்ளையை விட்டிருக்கிறாள். சளி பரிசோதனை இரண்டு தடவை சுத்தமாக வந்துவிட்டது. படமும் சரியாக வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று டவுன் டாக்டர் சொல்லியிருக்கிறார். "நீங்க போயிட்டீங்கன்னா இன்னும் ஒரு வருசம். அதுக்குள்ள அது என்னைய மறந்துரும்."

செல்லத்துரை பானைக்குள் குனிந்து பார்த்தார். சோப்பை எடுத்து ஒரு கை தண்ணீர் விட்டுத் தேய்த்தார். வெள்ளை வெளேரென்று நுரை பொங்கியது.

ஆனால் உடனே ஊற்ற முடியாது. கொதிக்கிற எந்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரும்பு விரிசல் விடும். மூடியை இப்போது திறந்தால் ஆவி முகத்தைப் பொசுக்கும். உள்ளங்கையை மூடிமேல் வைத்துப் பத்து எண்ணும்வரை பொறுக்க முடிந்தால்தான் திறக்கலாம் என்றார். அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. நாற்பது பேர் வேம்பின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நிழல் நகர நகர, யாரும் சொல்லாமலே அவர்களும் நகர்ந்தார்கள். பேச்சு ஓய்ந்துவிட்டது. தூரத்தில் கானல் தண்ணீராக அலையடித்தது. ஊரே தண்ணீருக்கு அலைகிற இடத்தில் அத்தனை தண்ணீர். காலடியில் நிலம் வெடித்திருந்த பிளவில் என் பென்சில் விழுந்தது. விழுந்த சத்தமே கேட்கவில்லை, பூமி அதை வாங்கி வைத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் போனது, நான் தூங்கினேனா என்பதெல்லாம் தெரியாது. நெஞ்சுக்குள் மட்டும் ஒரு பயம் விழித்தேயிருந்தது.

10.15. செல்லத்துரை உள்ளங்கையை மூடிமேல் வைத்தார். எண்ணினார். கிணற்றுத் தண்ணீரில் நனைத்த சாக்கைப் போர்த்தி, மூடியைக் கால் திருப்பு திருப்பி நிறுத்தினார். ஸ்ஸென்று பெருமூச்சு வந்து அடங்கியது. தனிச் சட்டியில் மூன்று லிட்டர் பச்சையும் மூன்று லிட்டர் ஊருணித் தண்ணீரும் வேட்டித் துணியில் வடிகட்டிக் கலந்து வைத்திருந்தார். இளம்பச்சை, நாற்று முளைத்த நிறம். வேப்பமரம் தவிர அந்த ஊரில் அன்று நான் பார்த்த ஒரே பச்சை அதுதான். நூல்போல ஒழுகவிட்டார். குமிழி வந்தது, நிறுத்தினார். மறுபடி ஊற்றினார். மூடாமலே எந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றெல்லாம் கொப்பளித்து வெளியேறியதும் குறைந்த அளவை நிரப்பி, வாயிலிருந்து இரண்டு விரல் இடம் விட்டு மூடினார். "சூட்டுல பெருகும், அதுக்கு எடம் வேணும்லா" என்றார். சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. அசையவில்லை.

ஜெயமேரியின் படத்தை ரவி ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்தபோது மணி பன்னிரண்டேகால். மேல் ஓரத்தில் ஆறிப்போன புண்ணின் சிறு தழும்பு. மற்றபடி சுத்தம்.

"பிள்ளையத் தூக்கலாமா ஐயா?"

"தூக்கலாம்."

"முத்தம் கொடுக்கலாமா?"

"கொடுக்கலாம்மா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு, காலிப் பானையை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். காவல்காரர் படமும் முடிந்தது, அறுபத்து மூன்றாவது படமும் முடிந்தது. தூத்துக்குடி போகும் வழியில்தான் புதியம்புத்தூர், அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். அவளையும் ஏற்றிக்கொண்டோம். உட்காரச் சொன்னதற்குக் கதவோரம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

2.50. புதியம்புத்தூர்த் தெருவில் வீட்டுக்கு வீடு தையல் மெஷின்கள் மழைபோல் இரைந்தன. ஒரு மின்கம்பத்துக்கு அருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள். எதிர்வீட்டுப் படியில் வெட்டுத்துணியை வைத்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தை நிமிர்ந்து பார்த்தது. ஜெயமேரி இறங்கி, மின்கம்பம் வரை வேகமாக நடந்தாள். அங்கே நின்றுவிட்டாள். பதினெட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வந்து நின்ற இடம் அதுதான் என்று பிறகு எஸ்தர் சொன்னாள். குழந்தையும் எழுந்து படியின் விளிம்புவரை வந்து நின்றது, அதற்குப் பழக்கிய இடத்தில். அங்கிருந்தே கையை ஆட்டியது.

உள்ளேயிருந்து எஸ்தர் வந்தாள். ரவி விஷயத்தைச் சொன்னான். "போடீ, போய்த் தூக்கு" என்றாள் எஸ்தர். ஜெயமேரியின் கால் நகரவில்லை. வாய்தான் ஏதோ முணுமுணுத்தது.

குழந்தை கையாட்டுவதை நிறுத்தியது. பெரியம்மா முகத்தைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது.

"எம்மா, இன்னைக்குக் கிட்ட வரட்டா?"

ஜெயமேரி மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். குழந்தை ஓடி வரவில்லை. ஒவ்வொரு அடியாக, நடுவில் நின்று அனுமதி கேட்கிற மாதிரிப் பார்த்துப் பார்த்து வந்தது. கிட்டே வந்ததும் ஒரு விரலால் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டது. யாரும் அதட்டவில்லை என்று தெரிந்ததும் மறுபடி தொட்டது.

நாலு மணிக்குள் தூத்துக்குடியில் இருக்க வேண்டும். மூன்றே கால் ஆகியும் செல்லத்துரை சாவியைத் திருப்பவில்லை.

கும்பகோணத்தில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆபீஸிலிருந்து வந்து நான் பேப்பரைப் பிரித்தால் மடியில் ஏறுவாள். "அப்புறம் வா" என்று நகர்த்திவிடுவேன். ஊர் திரும்பிய அன்றும் ஏறினாள். பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.