அம்மாவின் கேமராவுக்கு மெரூன் சட்டை

அன்று அம்மாவிடம் நான் சொல்லாத வாக்கியம் இது: "கேமராவில் ஒரு கோளாறும் இல்லை."

இன்று பழைய படங்களை அடுக்கும்போது நினைவு வந்தது. எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். நான் ஜாதவ்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம். அம்மா மட்டும் தன் பழைய ஃபிலிம் கேமராவை விடவில்லை.

விஜயதசமி அன்று துர்கையைக் கரைக்க அனுப்புவதற்கு முன் பெண்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் குங்குமம் பூசி விளையாடுவார்கள். எங்கள் கட்டடப் பெண்களை அந்த முகங்களோடு நிற்கவைத்து ஆண்டுதோறும் படமெடுப்பது அம்மாதான்.

ஆனால் கொல்கத்தா ஈரக்காற்றில் கேமராவின் மேல்தோல் உரிந்து, தொட்டாலே கறுப்புப் பொடி உதிர்ந்தது.

"தீதி, போன வருஷம் என் வெள்ளைப் புடவைல உங்க கேமரா பொடுகு கொட்டிச்சே!" என்றார் கீழ் வீட்டு மிதாலி காக்கிமா, அதாவது மிதாலி சித்தி. (வங்காளத்தில் கேட்க வேண்டும். தமிழில் பாதி நக்கல் போய்விடுகிறது.)

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது!

காளிகாட் சந்தில் பை தைப்பவரிடம் ரெக்ஸின் துண்டு கேட்டோம். கறுப்பு இல்லை. மெரூன்தான் இருந்தது.

"கல்யாணப் புடவை கலர்டீ!" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. பழைய தோலைக் கிழியாமல் உரித்து, பசையை ஸ்பிரிட்டால் துடைத்தோம். உரித்ததையே அச்சாக வைத்து, ரெக்ஸினின் பின்பக்கம் அம்மா பேனாவால் கோடு போட்டு வெட்டினாள்.

ஒட்டப்போனால் இடமும் வலமும் மாறியிருந்தது!

(பின்பக்கம் வரைந்தால் அச்சையும் கவிழ்த்து வைக்க வேண்டும். நான் படித்தது இன்ஜினியரிங். வெளியே சொல்லாதீர்கள்.)

"காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலியாடி?"

"வரைஞ்சது யாரு?"

"புடிச்சுக்கிட்டது யாரு?"

மிச்சத் துண்டில் மறுபடி வெட்டி, ஓரத்திலிருந்து மெல்ல அழுத்தி ஒட்டினோம். ரிசப்ஷனுக்குக் கோட் போட்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தது கேமரா.

அம்மா ஜன்னலோரம் போய் அதைக் கண்ணில் வைத்தாள். அந்தக் கேமராவுக்குள் பார்த்தால் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஃபோகஸ் சரி.

திருப்பினாள். திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"சேரவே மாட்டேங்குதுடி. ஒரே மூட்டமா இருக்கு. பசை உள்ள போயிடுச்சோ?"

வாங்கிப் பார்த்தேன். எதிர் மாடிக் கொடியில் காய்ந்த துண்டு, கட்டம் கட்டமாக, பளிச்சென்று ஒன்றாகச் சேர்ந்தது.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சேருதா?"

"ம்... கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்மா."

அவள் கேமராவை வாங்கி, புடவைத் தலைப்பால் துடைத்து, உறையில் போட்டாள்.

தசமி அன்று பந்தலில் பெண்கள் வழக்கம்போல் கூடி நின்றார்கள். அம்மா கேமராவை என் கழுத்தில் மாட்டினாள்.

"நீ எடு. உனக்குத்தான் சேருதே."



"என்ன தீதி, இந்த வருஷம் நீங்க எடுக்கலியா?" என்றார் காக்கிமா.

"எத்தனை வருஷம்தான் நான் வெளியவே நிக்கறது? தள்ளிக்கோங்க!"

போய் நடுவில் நின்றாள். காக்கிமா அவள் கன்னம் முழுக்கக் குங்குமத்தை அப்பினார். வளையத்தைத் திருப்பினேன். சேர்ந்தது. எடுத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அடுத்த பூஜைக்குக் கேமராவை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அதனால் அந்தப் பெண்களோடு அம்மா நிற்கும் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.