தையலுக்கு விடாத வீடு

கட்டப்போகிற எங்கள் வீட்டை நானே வரைந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது ஒரு ரவிக்கைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. எண்பது சென்டிமீட்டர் பிட்டு. அதைத் தைக்கக் கொண்டுவந்து கொடுத்த அடுத்த தெருக்காரியின் உடம்புக்கு ஒரு மீட்டர் இல்லாமல் ஆகாது என்பது எனக்கே தெரிந்தது. அத்தை துணியைத் தரையில் விரித்து, பழைய செய்தித்தாளில் வெட்டிவைத்த முன்பக்கம், முதுகு, கை எல்லாவற்றையும் அதன் மேல் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தாள். எப்படி வைத்தாலும் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைத் தலைகீழாகத் திருப்பி முதுகின் ஓரத்தில் செருகினாள். பிசகாமல் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா, வந்துருச்சு," என்றாள்.

எனக்கு அந்த வினாடியே வீடு தெரிந்தது. அறைகளையும் இப்படித்தானே காகிதத்தில் வெட்டி நகர்த்த வேண்டும்? அப்பாவும் அம்மாவும் ஒரு மாதமாகக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு, அடித்து, சண்டை பிடித்து, மறுபடி கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அத்தையின் கத்தரியைக் கேட்டேன்.

"எம்பட கத்தரியில காயிதம் வெட்டுனா மொண்ணையாயிரும். அந்தப் பழசு இருக்குது, அத எடுத்துக்க அம்மணி," என்றாள்.

அப்போது நாங்கள் கோயமுத்தூரில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக ஒன்பது வீடுகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். எங்களுக்கு ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு அறைகள். அப்பா பம்பு கம்பெனியில் ஃபிட்டர். நான் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருடம். அப்பாவின் தங்கையான அத்தை, நான் ஏழாவது படிக்கும்போது காங்கேயத்திலிருந்து எங்களிடம் வந்துவிட்டாள். ஒரு பை கையில், தையல் மெஷின் பஸ்ஸின் மேலே. ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. மெஷினை எங்கே போடுவது என்று மட்டும்தான் கேட்டார்கள். வெளிச்சம் இருந்த ஒரே இடம் வாசற்படிக்கு உள்பக்கம். அங்கேயே போட்டார்கள்.

அதனால் யார் உள்ளே வந்தாலும், யார் வெளியே போனாலும், அத்தை எழுந்து மெஷினை இழுத்து வழிவிட வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற சாக்கில் ஒருநாள் எண்ணினேன். மத்தியானத்துக்குள் பதினாலு தடவை. ஒரு தடவையும் அவள் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கு வெளியே இரண்டரை சென்ட் இடம் அப்பா பேருக்குப் பதிவானதும் நான் அத்தையிடம் சொல்லிவிட்டேன்: கீழே தெருவைப் பார்த்து உனக்கு ஒரு ரூம், பெரிய ஜன்னலோடு. நான் வரைகிறேன், நீ பார்.

"எனக்கெதுக்கு கண்ணு ரூமு," என்றாள். ஆனால் அன்று ராத்திரி தட்டு கழுவும்போது, "ஜன்னலு எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டாள்.

ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டேன். இடம் இருபத்து நாலு அடி அகலம். ஒரு பக்கம் சந்துக்கு மூன்று அடி விட்டால் கட்டுவதற்கு இருபத்தொன்று. அறைகளின் உள்ளளவு மனையடி சாஸ்திரப்படி இருக்க வேண்டும் என்பதில் அப்பாவும் அம்மாவும் ஒற்றுமை. ஆறு, எட்டு, பத்து, பதினொன்று, பதினாறு, பதினேழு, இருபத்தொன்று நல்லது. ஏழும் ஒன்பதும் ஆகாது. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் நிபந்தனையோடு வரும் கணக்கு என்றால் பிடிக்கும். ஹால் பதினொன்று. அத்தை ரூம் பத்து. கூட்டினால் இருபத்தொன்று. மூன்றும் நல்ல எண். பஸ்ஸில் நின்றுகொண்டே இதைக் கண்டுபிடித்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

ஹாலுக்குள்ளேயே மாடிப்படி. அது என் ஆசை. படி வளைந்து ஏறி மேலே என் ரூமில் போய் முடியும். பக்கத்தில் அப்பா அம்மாவின் ரூம், மிச்சம் மொட்டைமாடி. கட்டில், பீரோ, கிரைண்டர், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் அத்தையின் டேப்பால் அளந்து, குட்டிக் குட்டிக் காகிதமாக வெட்டி, அந்தந்த அறையில் ஒட்டினேன். தையல் மெஷினுக்கு மட்டும் சிவப்பு அட்டை. சார்ட் பேப்பரில் எல்லாம் முடிந்தபோது அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "பரவால்லயே, இஞ்சினியரு தோத்தான்," என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். உக்கடம் பக்கத்துக்காரர்; எல்லோருக்கும் அவர் பாய். மனையடி எண்களை எங்கள் அப்பாவைவிட வேகமாக ஒப்பிப்பார். தரையில் உட்கார்ந்து சார்ட்டை விரித்து, மெஷின் அட்டையை விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "நல்லா வெவரமா போட்டிருக்கறீங்க அம்மணி. செவுரு எங்கீங்க?"

நான் கோட்டைக் காட்டினேன்.

"இது கோடுங்க. செவுரு?"

கல்லூரியில் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள், கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது என்று. நான் அதை அப்படியே நம்பி ஒரு வீடு கட்டியிருந்தேன்.

"மேல மாடி வருது, அதனால வெளிச்செவுரு ரெண்டு, நடுச்செவுரு ஒண்ணு, மூணும் ஒம்போது இஞ்சு," என்று பாய் விரலை மடக்கினார். "ரெண்டேகால் அடி செவுத்துக்கே போயிருமுங்க. ஹால் பதினொண்ணு வேணும்னா ரூமுக்கு ஏழே முக்கால்தான் நிக்கும். ஏழு ஆகாதுங்களே."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அவர் யோசித்தது அரை நிமிடம்கூட இருக்காது. "அப்ப அந்த ரூம எடுத்துப்போடுங்க பாய். ஹாலே பதினேழா இருக்கட்டும். நாலு சனம் வந்தா உக்கார எடம் வேணுமல்லோ. எந்தங்கச்சி மெஷின ஹால்ல ஒரு ஓரமாப் போட்டுக்கும், பழகுன ஆளுதான்."

அத்தை அப்போதுதான் டீ கொண்டுவந்தாள். டம்ளரை பாய் முன்னால் வைத்தாள். "ஆமாங்ணா. எனக்கெதுக்குங் ரூமு," என்றாள். உள்ளே போய்விட்டாள். வெட்டிவைத்து இன்னும் தைக்காத ரவிக்கைகள் மூன்று கிடந்தன. சாயங்காலம் வரை மெஷின் சத்தம் கேட்கவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. தங்கையை ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை. அவள் எதையும் கேட்காமலேயே இருந்ததால், அவளுக்கு எதுவும் வேண்டியதில்லை என்று ஏழு வருடமாக நினைத்துவிட்டார். நான் அப்படிக்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது. வேண்டும் என்று தெரிந்து, ஜன்னல் வரைக்கும் ஆசை காட்டி, கூட்டலில் கோட்டை விட்டிருந்தேன்.

பாய் போனபின் சார்ட்டைச் சுருட்டிக் கிழிக்கப் போனேன். அத்தை வாங்கிப் பிரித்து, தன் ரூம் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"தையலுக்கு உடலயா கண்ணு?"

எனக்குப் புரியவில்லை.

"காயிதம் ஒடம்பளவுக்குத்தான் வெட்டறது. துணி மேல சாக்பீஸ் போடறப்பத்தான் சுத்தியும் தையலுக்கு உட்டுப் போடோணும். நீயி எப்பவும் காயிதம் வெட்டுறத மட்டும் பாத்துப்போட்டு எந்திரிச்சு ஓடீருவ. அப்பறம் என்ன நடக்குதுன்னு எங்க பாத்த?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன், கண் எரிந்தது. எண்பது சென்டிமீட்டரில் அத்தனை நேரம் அவள் தேடிக்கொண்டிருந்தது கைக்கு இடம் மட்டும் இல்லை, கையைச் சுற்றித் தையலுக்கும் சேர்த்துத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கே மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை சுவர்களை முதலில் வெட்டினேன். பழைய நோட்டு அட்டையில் மெல்லிய பட்டைகள், முக்கால் அடி முக்கால் அடியாக மூன்று. அவற்றை வைத்தபின் மிச்சம் பதினெட்டே முக்கால். அதில் நல்ல எண்ணாக இரண்டு வேண்டும். ஹால் பத்து, ரூம் எட்டு. பதினெட்டு. மீதி முக்கால் அடி சந்தோடு போய்ச் சேர்ந்தது.

பத்தடி ஹாலுக்கு அப்பா ஒப்ப மாட்டார், அதிலும் மூன்று அடியை என் மாடிப்படி தின்றால். படியின் காகிதத்தை ஹாலுக்குள் அங்குமிங்கும் நகர்த்தினேன். எங்கே வைத்தாலும் கட்டிலோ பீரோவோ வெளியே போயிற்று. கடைசியில் படியை எடுத்து வீட்டுக்கு வெளியே, சந்தில் வைத்தேன். மூன்றே முக்கால் அடிச் சந்தில் மூன்று அடிப் படி அழகாக உட்கார்ந்தது. எனக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

அம்மா ஒரே பார்வையில் சிக்கலைப் பிடித்தாள். "வயசுப்புள்ள ராத்திரியில வெளிப்படியேறி மேல போய்ப் படுக்கறதா? நல்லாருக்குது."

"நான் மேல போகலீங்கம்மா. கீழ அத்தை கூடவே படுத்துக்கறேன்."

"அங்க வெட்டற மேசை போட்டாப் படுக்க எங்கடி எடம்?"

"மேசை மேல ஒருத்தி, மேசைக்கடியில ஒருத்தி," என்றாள் அத்தை உள்ளேயிருந்து. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ரூம் தனக்குத்தான் என்கிற மாதிரி அத்தை எல்லோர் முன்னாலும் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கேட்டுக்கொண்டார். ஹாலில் இனி படி இல்லை என்பதை இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார். ஆனாலும் தலையை ஆட்டினார். "எட்டடிங்கறது கக்கூஸு மாதிரி இருக்கும் சாமி. அதுக்குள்ள மெஷினு, மேசை, துணி குடுக்க வர்ற பொம்பளைங்க. நிக்க முடியுமா? காயிதத்துல எல்லாந்தான் நிக்குது. முன்னயும் நின்னுதே."

முன்பும் நின்றதுதான்.

"புதங்கெழமை காலையில பாய் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்ட வாராரு. அதுக்குள்ள எட்டடியில ஆளு உக்காந்து தைக்க முடியும்னு எனக்குக் காட்டு. காட்டுனா ரூமு. இல்லீன்னா பதினேழடி ஹாலு," என்றார்.

அது திங்கட்கிழமை. மறுநாள் விடிந்ததும் இடத்துக்குப் போய், சுண்ணாம்புப் பொடியால் நிஜ அளவில் கோடு போடலாம் என்று சொன்னேன். இந்தத் தடவை ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு கோடு. மெஷினுக்குப் பதிலாக அதன் அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி, மேசைக்குப் பதிலாக ஒரு கோரைப்பாய்.

"பொட்டி எதுக்கு?"

அத்தை கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்தோம். மெஷினுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ணா, காலையில ஒரு ஆட்டோ சொல்லிப்போடுங். மெஷினயே எடுத்துட்டுப் போலாம். மெஷினில்லாம நான் எப்படி உக்காந்து காட்டறது?" பெல்ட்டைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். "வெளிச்சம் எனக்கு எடது கைப் பக்கமிருந்து வரோணும். அதனால ஜன்னலு எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம்னு அங்க உக்காந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன். துணி குடுக்க வர்றவங்க ஹால் வழியா வர வேண்டாம், தெருப்பக்கமே ஒரு கதவு வெச்சுப்போட்டா அண்ணனுக்கும் தொந்தரவில்ல."

அப்பா சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.

நான் புதிய சார்ட்டில், எட்டடி ரூமின் தெருப்பக்கச் சுவரை அழித்தேன். ஒரு கதவு, ஒரு ஜன்னல். எது இடது, எது வலது என்பதற்கு இடத்தைக் காலியாக விட்டுவைத்தேன். சுண்ணாம்புப் பொடி ஒரு டப்பா, டேப், சாக்பீஸ், அட்டைப் பட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டேன். தைக்காமல் கிடந்த மூன்று ரவிக்கைகளையும் அத்தை அதே பையில் வைத்தாள். நாளைக்கு அந்தக் கோடுகளுக்குள் உட்கார்ந்து அதில் ஒன்றையாவது தைத்து முடித்துப் பார்க்க வேண்டும் என்றாள்.