அக்காவுக்குச் செய்த ஆபரேஷன்

அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா பிறந்தது கடலூரில். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போயிற்று, பேச்சும் வரவில்லை. ஆனால் சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்தே குழம்பில் உப்புக் குறைவதைக் கண்டுகொள்வார். மேல்பட்டாம்பாக்கத்தில் தையல் கடை வைத்திருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். ஆறு வருடம் குழந்தை இல்லை. மாதம் ஒருமுறை இருவரையும் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு அழைத்துப் போவேன். அக்கா அரச மரத்தை விரல் மடக்கி எண்ணி எண்ணிச் சுற்றுவார்.

கடைசியில் சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருக்கே. எத்தனை புள்ளைங்க?"

வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்பா தலை நிமிரவில்லை. தாய்மாமாதான் பேசினார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நாந்தான்டா கேம்புக்குக் கூட்டிட்டுப் போனேன். வயித்து வலிக்கு வைத்தியம்னு சைகை காட்டினோம். ரெண்டு புள்ளை இருக்குன்னு எழுதிக் குடுத்தேன். ஊமைக்கு ஊமையே பொறந்தா யாரு பாக்கறது?"

"அது காய்ச்சல்ல வந்தது மாமா."

"நீ பெரிய டாக்டரு. படிச்சவங்களே அப்பிடித்தான் சொன்னாங்க."

அக்காவிடம் நானே சொன்னேன். வயிற்றுத் தழும்பைக் காட்டி, மாமாவுக்கு அடையாளமாக மீசையை முறுக்கிக் காட்டினேன். அப்பாவுக்கும் தெரியுமா என்று கையால் கேட்டார். தலையாட்டினேன். அதற்குப் பிறகு அக்கா பிறந்த வீட்டுப் படி ஏறவில்லை. அப்பா படுக்கையில் விழுந்தபோது கஞ்சி காய்ச்சி அத்தானிடம் கொடுத்தனுப்பினார், தான் வரவில்லை.

குறையுள்ளவர்களுக்கு வாரிசு கூடாதென்று பல தேசங்களில் சட்டமே போட்டிருந்தார்களாம். பெரிய படிப்பாளிகள் அதை ஆதரித்தார்களாம். என் மகள் படித்துச் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை. பெற்றவரும் தாய்மாமனுமே போதுமாக இருந்தார்கள்.

அக்காவைக் கடைசி வரை கைத்தாங்கலாக நடத்திய அத்தானுக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காத்திருந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் மாமா போன் செய்தார். "ஆண்டவன் குழந்தை பாக்கியம் குடுக்கலன்னு ஒரு வரி போட்டுடு. குடும்ப மானம்டா."

மாமா, உங்கள் பேச்சை நான் தட்டியதில்லை. ஆனால் நீங்கள் செய்ததை ஆண்டவன் செய்ததாக எழுத எனக்குக் கை வரவில்லை.