கண்ணாடியில் ஒட்டிய கன்னம்

படங்களுக்குப் போடும் சட்டத்தைப் பற்றி மியூசியத்தில் சொற்பொழிவு என்று பேராசிரியர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. படத்தைப் பற்றிப் பேசலாம், வரைந்தவரைப் பற்றிப் பேசலாம். சுற்றி அடிக்கிற நாலு கட்டையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது? மேற்குத் தாம்பரத்தில் இருபது வருஷமாக பிரேம் கடை வைத்திருப்பவன் நான். என்னைக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுவேன்.

பேராசிரியர் என் வாடிக்கையாளர், கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர். வேத வசனங்களை என்னிடம்தான் சட்டம் போட்டு வாங்கிப்போவார். "ஐரோப்பாவுல முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச பிரேமுங்க. பரோக்னு சொல்லுவாங்க. பேசப்போற அம்மா பழைய படங்களைப் பழுது பார்க்கிறவங்க. நீங்க கட்டாயம் வரணும்" என்றார். பழுது பார்க்கிறவர் என்பது காதில் விழுந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. வருகிறேன் சார் என்றேன். என் கடை இழுப்பறையில், செய்தித்தாளில் சுற்றி, நான் என் கையாலேயே நாசமாக்கிய என் மகளின் படம் கிடந்தது.

எங்களுக்கு ஒரே பிள்ளை. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு அடுத்த வருஷ மழையில் பீர்க்கன்கரணை ஏரி நிரம்பி எங்கள் வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பம் கூழாகிவிட்டது. நெகட்டிவ் கேட்டு ஓடினால், டிஜிட்டலுக்கு மாறியிருந்த ஸ்டூடியோக்காரர் பழசையெல்லாம் எப்போதோ தூக்கிப் போட்டிருந்தார். சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த ஒரே ஒரு படம்தான் மிச்சம். இரட்டைப் பின்னல், ரிப்பன், பள்ளிச் சீருடை. முன்பல் ஒன்று விழுந்த வாரம் எடுத்தது. அதைப் பற்றிக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் வாயெல்லாம் சிரிப்பு.

அந்தப் படத்துக்குக் கடையிலேயே உசத்தியான சட்டத்தைப் போட்டிருந்தேன். தங்க நிறம், நாலு மூலையிலும் பூ, இலை. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓர் அட்டை வைப்பது உண்டு, மவுன்ட் என்போம். நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டி வைத்தால் படம் கண்ணாடியைத் தொடாது. ஆனால் ஓரமெல்லாம் மறைந்து படம் சின்னதாகத் தெரியும். யாருமே கேட்பதில்லை, நானும் வைப்பதில்லை. என் பிள்ளையின் முகத்தை நான் ஏன் சின்னதாக்க வேண்டும்? கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் பின்பக்கம் ஆணி அடித்தேன்.

என் மனைவி தினமும் குளித்துவிட்டு வந்து முதல் வேலையாக அந்தப் படத்தின் முன் நிற்பாள். முந்தின நாள் பொட்டை ஈரத் துணியால் துடைப்பாள். கண்ணாடி மேல் சந்தனம், குங்குமம் வைப்பாள், ஒரு முழம் கனகாம்பரம் போடுவாள். அப்புறம்தான் அடுப்பு. ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

நாலு வருஷத்தில் படத்தில் ஒரு திட்டு தெரிய ஆரம்பித்தது. கன்னத்தில் ஈரம் பட்ட மாதிரி. வாரத்துக்கு வாரம் பெரிதாகி வாய் வரை வந்தது. "ஏங்க, பாப்பா அழுவுற மாதிரி இருக்குங்க. திதிக்குள்ள சரி பண்ணிக் கொண்டாந்துடுங்க" என்றாள். இதென்ன பெரிய விஷயம் என்று கடைக்கு எடுத்துப்போனேன். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிப்பதில் நான் கில்லாடி என்று தாம்பரம் முழுக்கப் பெயர். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் எத்தனையோ பிரித்திருக்கிறேன். தட்டில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியோடு ஊறப் போட்டால் தானாகக் கழன்று வரும்.

இது கலர் படம். அந்த நேரத்தில் என்னை யாராவது செருப்பால் அடித்துத் தடுத்திருக்கலாம். காகிதத்தை மெல்லத் தூக்கினேன். வலது கன்னமும் வாயும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டன. காகிதத்தில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. வீட்டில் கேட்டபோது, வேலை நடக்கிறது என்றேன். திதிக்கு ஐந்து நாள் இருந்தது.

சொற்பொழிவுக்கு மின்சார ரயிலில் கண்ணாடியையும் காகிதத்தையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் காவலாளி பையை வெளியே வைக்கச் சொன்னான். "உள்ள கண்ணாடி கீது, சாய்ச்சுடாதப்பா" என்று பத்து தடவை சொல்லியிருப்பேன். "இன்னா சார், பேஜார் பண்ணாத. நான் பாத்துக்கறேன், போ" என்று விரட்டினான்.

அந்த அம்மா ஆங்கிலத்தில் பேசினார். பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் ஒவ்வொரு சட்டமாக வந்தது. மரத்தில் செதுக்கிய இலைகள், சிப்பிகள், கொழுகொழுவென்று இறக்கை முளைத்த குழந்தைகள். மரத்தின் மேல் சுண்ணமும் வஜ்ஜிரப் பசையும் கலந்து பல பூச்சு, அதன் மேல் சிவப்புக் களிமண், அதன் மேல் தங்க ரேக்கு. என் கடைச் சட்டத்தில் இருப்பதும் இதே இலைதான். பிளாஸ்டிக்கில் வார்த்து மீட்டர் கணக்கில் வருகிறது. அதைப் போய் உசத்தி என்று பிள்ளைக்குப் போட்டேனே என்று கூசியது. ஒரு சட்டம் காலியாக இருந்தது. உள்ளே இருந்த ஓவியம் எப்போதோ அழிந்துவிட்டதாம், சட்டத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். எல்லோரும் ஆகா என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முடிவில் வீட்டுப் படங்களைப் பாதுகாப்பது பற்றிச் சொன்னார். படம் எதுவானாலும் கண்ணாடியைத் தொடவே கூடாது, நடுவில் கொஞ்சம் காற்று வேண்டும். இவ்வளவுதான். இருபது வருஷத்தில் தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் எத்தனை வீட்டுச் சுவரில், செத்துப்போன எத்தனை பேர் முகத்தைக் கண்ணாடியோடு வைத்து அறைந்திருப்பேன்! அடப் பாவி என்று எனக்கே வாய்விட்டு வந்தது.

கூட்டம் கலைந்ததும் பேராசிரியர் அந்த அம்மாவை வெளியே கூட்டிவந்தார். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், பேராசிரியர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

"இதை ஏன் பிரிச்சீங்கன்னு கேக்கறாங்க. ஒட்டினது ஒட்டினபடியே விட்டு, கண்ணாடி மேலயே நல்ல கேமராவுல ஒரு போட்டோ எடுத்திருந்தா முகம் முழுசா கிடைச்சிருக்குமாம்."

என் கடைக்கு நேர் எதிரே ஸ்டூடியோ. கழற்றிப் பூட்டுவதைத் தவிர என் புத்தியில் வேறு எதுவும் ஓடவில்லை.

"இன்னொண்ணும் கேக்கறாங்க. யாராவது ஈரத் துணியால தொடைப்பீங்களா? கீழ் விளிம்பு வழியா தண்ணி ஏறியிருக்காம்."

இனி சேர்க்க முடியாதா என்று மட்டும் கேட்டேன். அந்த அம்மா முடியாது என்று தலையை ஆட்டினார். அதைப் பேராசிரியர் தமிழில் சொல்லவில்லை.

மறுநாள் கண்ணாடியையும் காகிதத்தையும் எதிர் ஸ்டூடியோவில் கொடுத்து, சேர்த்து வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். சாயங்காலம் பளபளவென்று ஒரு படம் தந்தார். "கம்ப்யூட்டர்ல கோடெல்லாம் எடுத்தாச்சு அண்ணா. பாப்பாவுக்கு ஒரு பல்லு இல்ல, அதையும் வச்சுட்டேன்" என்றார். என்னவென்று திட்டுவது? பாவம், அவர் நல்லதுதான் செய்திருந்தார். பழையபடி செய்து தரச் சொன்னேன். திருத்தினதைத்தான் சேமித்தேன் என்றார். மறுபடி அவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி முன்னால் வைத்து, ஈரத் துணிப் பேச்சை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். புதுப் படத்தைக் கையில் எடுத்தாள், பார்த்தாள், திருப்பி வைத்தாள். "இது யாருங்க?" என்றாள். பிறகு கேட்டாள், "படம் ஒட்டிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் நீங்கதான பிரேம் போடுறீங்க?"

அழுவாள் என்று நினைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, காகிதத்தின் மேல் கண்ணாடியை வைத்து, ஒரு நூல் அளவாக நகர்த்தி நகர்த்தி, கன்னத்தைக் கன்னத்தோடு பொருத்தினாள். ஓர் இடத்தில் கோடு மறைந்து பாப்பா சிரித்தாள். பல் இல்லாத அந்தச் சந்தும் தெரிந்தது. "இப்படியே பிரேம் போட்டுடுங்க" என்றாள் கையை எடுக்காமல். தொடவே கூடாது என்று அந்த அம்மா சொன்னதை, தொட்டால்தான் முகம் என்று ஆகிவிட்ட படத்துக்குச் செய்தேன். முன்பு போலவே அழுத்தி ஆணி அடித்தேன்.

மாட்டி முடித்ததும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"தெனம் ஈரத் துணியில தொடைச்சேனே. அதனாலயாங்க?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல. ஏரித் தண்ணி வந்துச்சுல்ல, செவுத்து ஈரம்" என்றேன். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னேன்.

திதியன்று ஆணியில் பூவை மட்டும் தொங்கவிட்டாள். சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. அன்றிலிருந்து அவள் அந்தக் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசி படிந்து படிந்து பாப்பா முகம் மங்கிக்கொண்டே வருகிறது. நான் துணியை எடுத்தாலும் குறுக்கே வந்து நின்றுவிடுகிறாள். காய்ந்த துணியால் துடைத்தால் ஒன்றும் ஆகாது என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். என் பேச்சை அவள் எதற்கு நம்ப வேண்டும்?