களிமண் டீச்சர்

இன்றைக்குக் காலையில் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சூடாக வந்த வினாத்தாளில் ஒரு கேள்வி. ஓடிவரும் லாரி, நிற்கிற லாரியின் மேல் மோதுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. இழந்த இயக்க ஆற்றல் எவ்வளவு? பக்கத்து செக்‌ஷன் டீச்சர் எழுதியது. பேனாவை எடுத்து இரண்டு லாரியையும் அடித்துவிட்டு, மேலே 'களிமண் உருண்டை' என்று எழுதினேன்.

உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். இது என் வீட்டுக்காரர் பிடித்த பிடிவாதம். கல்யாணமான புதிதில் நான் திருச்செங்கோட்டில் ஃபிசிக்ஸ் டீச்சர், அவர் சங்ககிரியில் லாரி டிரைவர். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர்மேல் டீசல் வாசம் போகாது. அந்த வாசத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேள்வி எழுதுவதை எட்டிப் பார்ப்பார்.

"ஏன் அம்மிணி, மோத உட உனக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலையா? லாரி இடிச்சுதுன்னு உன் கையால எழுதாத சாமி."

"வெறுங் கணக்குதானுங்க!"

"கணக்கா இருந்தாலும் வேண்டாம். மண்ணு உருண்டைய எறிஞ்சுக்க."

எம்.எஸ்ஸி. படித்த நான் அதற்கு அடங்கிப்போனேன். அன்று முதல் களிமண்தான். பிள்ளைகள் 'களிமண் டீச்சர்' என்று பேர் வைத்ததைச் சொன்னபோது, மனுஷன் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஒருநாள் அவரே கேட்டார். "ஒட்டிக்கிச்சுன்னா அந்த வேகமெல்லாம் எங்க போவும்?"

"கொஞ்சம் சூடாப் போயிரும், கொஞ்சம் சத்தமா. மிச்சம் நசுங்குறதுல. அழியாதுங்க, திரும்ப மட்டும் வராது."

பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

லோடு இறக்கித் திரும்பும்போது மெயின் ரோட்டிலிருந்தே நீளமாக ஹாரன் அடிப்பார். எனக்கு அது தெரியும். உடனே உலை வைப்பேன்.

ஒரு மழைநாள் விடியற்காலையில், விளக்குப் போடாமல் ரோட்டிலேயே நின்ற லாரியின் பின்னால் அவர் வண்டி மோதியது. இரண்டும் ஒட்டிக்கொண்டு கொஞ்சதூரம் போயிருந்தன. பிரித்தெடுக்க கிரேன் வரவேண்டியிருந்தது. பாவி மனுஷா, நீ சொன்னபடி நான் ஒரு தடவைகூட லாரி என்று எழுதவில்லையே!

கேள்வி எழுதிய டீச்சர், சின்னப் பெண், தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "எதுக்குங்க டீச்சர் அடிச்சீங்க? எதைப் போட்டாலும் விடை ஒண்ணுதானுங்களே?"

"ஆமா கண்ணு, ஒண்ணுதான்" என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்தினேன். மெயின் ரோட்டில் பொழுதுக்கும் ஹாரன் கேட்கிறது. எந்த ஹாரனுக்கும் உலை வைக்க வேண்டியதில்லை.