கடைசித் துண்டும் ஆற்றுப்பாலமும்

எங்கள் ஊரில் தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். எலுமிச்சை கேக் என்றால் கடைசித் துண்டைப் பாதியாக வெட்டுவோம், அந்தப் பாதியையும் பாதியாக வெட்டுவோம். முடிவில் எறும்பு வந்து பார்த்து ஏமாறுகிற அளவுக்கு ஒரு பொடி கிடக்கும். அதைத் தின்றவனைப் பற்றிப் பனி உருகும்வரை பேசுவோம். அமெரிக்காவின் வடக்கு மின்னசோட்டாவில் இருக்கிற நாங்கள் குளிரைக்கூட மன்னித்துவிடுவோம், அவனை மன்னிக்க மாட்டோம்.

நகரத்தின் லாரிக் கொட்டகையில் ரிப்பேர் பார்க்கிறவன் நான். பனி தள்ளும் லாரிகளுக்கு மேற்பார்வை மார்லிஸ் ஹாகன். அவளுக்குச் சண்டை என்றால் ஆகாது. எவனாவது முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் மறுநாள் கேக் வந்துவிடும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பாள். அவள் வீட்டில் புருஷன் தனி அறையில் டிவி பார்க்கிறான். அது வேறு கதை.

ஆற்றுப்பாலம்தான் அவளுக்கு வந்த கேடு. எங்கள் லாரி ஓட்டுநர்களில் தெற்குச் சாலையில் பனி தள்ளுவது டுவேன், வடக்குச் சாலையில் ஆர்விட். நடுவில் உள்ள பாலம் யாருக்கென்று யாரும் சொன்னதில்லை. இருவரும் அவரவர் கரைவரை பனியைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். டிசம்பரில் பள்ளிப் பேருந்து அங்கே வழுக்கிப் பக்கச் சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் நகர சபை மார்லிஸைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ரொம்பப் பணிவாகச் சொல்லிவிட்டது.

மார்லிஸ் கேக் செய்தாள். எல்லாரையும் உட்கார வைத்தாள்.

"பாலத்த யாரு பாக்குறீங்க?"

"டுவேனுக்குச் சௌகரியம்னா அவனே பாக்கட்டும்," என்றான் ஆர்விட்.

"எனக்கொண்ணும் இல்லப்பா," என்றான் டுவேன். "ஆர்விட் ஆசப்பட்டா நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?"

"நீ மூத்தவன். நீயே எடுத்துக்க."

"உன் லாரிதான் புதுசு."

"சரி, பேசி முடிச்சாச்சு," என்று மார்லிஸ் சிரித்தபடி எழுந்தாள். என்ன முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. யாரும் எதிர்த்துப் பேசாவிட்டால் ஒத்துக்கொண்டார்கள் என்று அவள் கணக்கு.

ஜனவரியில் புயல் அடித்தது. விடிந்ததும் பேருந்து ஓட்டுநர் போன் செய்தார். மார்லிஸை நான்தான் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். தெற்கு முனையில் டுவேன், வடக்கு முனையில் ஆர்விட். லாரிக்குள் இருந்தபடி ஒருவன் "நீ வா" என்று கையை ஆட்டுகிறான், மற்றவன் "நீ முதல்ல" என்று ஆட்டுகிறான். டுவேனுக்குப் பின்னால் பேருந்து நிற்கிறது.

மார்லிஸ் முழங்கால் பனியில் பாலத்தின் நடுவுக்கே நடந்துபோய் இருவரையும் இறங்கி வரச் சொன்னாள்.

"எனக்கு ஒரே ஒரு 'மாட்டேன்' வேணும். யாராவது ஒருத்தன் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் நகரமாட்டேன்."

"என்ன மார்லிஸ், இதுக்குப் போயி..."

"என் வேல போகப்போகுது ஆர்விட். உங்க மரியாதையால போகப்போகுது."

ஆர்விட் தன் பூட்ஸைப் பார்த்தான். "மாட்டேன். பாலத்துல ஏறுனா காத்து லாரிய அப்படியே பக்கவாட்டுல தள்ளுது. கீழ ஆறு. பயமா இருக்கு."

"எனக்கும் அதேதான்," என்றான் டுவேன்.

"இத கேக் தின்னப்ப சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"கேக் நல்லா இருந்துச்சு. அந்த நேரத்துல எப்படி..." என்று இழுத்தான் டுவேன்.

மார்லிஸ் கண்ணை மூடித் திறந்தாள். "ரெண்டு பேரும் லாரிப் பெட்டி நெறைய மணல் ஏத்திக்கிட்டு வாங்க. கனம் இருந்தா காத்து அசைக்காது. ஒருத்தன் பின்னால ஒருத்தன் போங்க, நடுவுல விட்டுட்டுப் போகக் கூடாது. பிடிக்கலன்னா இப்பவே சொல்லுங்க."

"முதல்ல டுவேன் போகட்டும்," என்றான் ஆர்விட்.

"இது மரியாதையா, பயமா?"

"பயம்தான்."

"அப்ப டுவேன் முன்னால. அடுத்த பனிக்கு நீ."

அன்று முதல் பாலம் சுத்தமாக இருக்கிறது. மார்லிஸின் வேலையும் தப்பியது. ஆனால் டுவேன் என்னிடம் தனியாக வந்து, "மார்லிஸ் இப்படிக் கத்துவான்னு நெனைக்கல" என்றான். ஆர்விட்டும் தனியாக வந்து அதையேதான் சொன்னான். தேவாலயத்தில் காபி குடிக்கும்போது அவள் மேசையில் இப்போது இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

அடுத்த கூட்டத்தில் அவள் ஒவ்வொருவரையும் பார்த்து, "குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். எல்லாரும் கேக்கை மென்றார்கள். தட்டில் கடைசித் துண்டு மிஞ்சியது. டுவேன் கத்தியை எடுத்துப் பாதியாக வெட்டப் போனான். மார்லிஸ் அதை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"யாருக்காவது பிடிக்கலன்னா சொல்லுங்க," என்றாள் மென்றுகொண்டே.

டுவேன் கத்தியைத் துடைத்து வைத்தான். சாயந்திரத்துக்குள் ஒவ்வொருவனாக வந்து, அவள் கடைசித் துண்டைத் தின்றது பிடிக்கவில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.